வெள்ளை பூத்த முதல் லோடு

எங்கள் வட்டாரத்தில் செங்கலுக்குப் பதிலாகச் சாம்பலில் கல் போட்ட முதல் ஆலை எங்களுடையது. அனல்மின் நிலையத்துச் சாம்பலை, அதாவது ஃப்ளை ஆஷை, சுண்ணாம்பும் கல்தூளும் சேர்த்து மிக்சரில் கலந்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்துவோம். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கல்லை அடுக்கித் தண்ணீர் காட்டும் க்யூரிங் யார்டு என் பொறுப்பு.

முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி, நன்றாக ஓடிய பலசரக்குக் கடையை விற்று அந்த மெஷினை வாங்கினார். ஊர் சும்மா இருக்குமா? "சாம்பல்ல வீடு கட்டி அதுல பாலு காய்ச்சவா?" என்று சிரித்தார்கள். காண்ட்ராக்டர் ஆரோக்கியம் ஒருவர்தான் துணிந்து ஆர்டர் கொடுத்தார். அது கைவிட்டுப் போனால் ஆலையை மூட வேண்டியதுதான்.

லோடு ஏற்ற வேண்டிய காலையில் பார்த்தால், கல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அண்ணாச்சி ஒரு கல்லைத் தடவி விரலை நாக்கில் வைத்தார்.

"ஏளா செல்வி, உப்பு! நம்ம போர் தண்ணி செஞ்ச வேல."

கடலோரத்தில் போர் போட்டுவிட்டு நல்ல தண்ணீர் வரும் என்று நம்பியிருக்கிறோம் பாருங்கள்!

லாரியோடு வந்த ஆரோக்கியம் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுக்கா அண்ணாச்சி முழிக்கிய? பூசி பெயிண்ட் அடிச்சா எவனுக்குத் தெரியும்? ஏத்தச் சொல்லுங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணாச்சி மட்டும் அசையவில்லை.

"ரெண்டு மழை பேஞ்சா பூச்சு உதிரும். அப்பம் உப்புத் தண்ணின்னு எவன் சொல்லுவான்? சாம்பக் கல்லே இப்படித்தாம்பான். பொறவு இந்தக் கல்ல ஒருத்தனும் தொடமாட்டான். தரமாட்டேன்யா."

"அப்பம் நான் செங்கச் சூளைக்குப் போறேன்."

லாரி காலியாகத் திரும்பியது. வந்த மகராசனைத் துரத்திவிட்டாரே என்று எனக்கு அண்ணாச்சி மேல் அப்படி ஒரு கோபம்.

மறுநாளே தாமிரபரணிக் கரையிலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தார். அடுத்துப் போட்ட கல் பூக்கவில்லை, தட்டினால் கணீரென்றது. ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. பிரஸ்ஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் ஆரோக்கியமே வந்து நின்றார். "சொந்தமா வீடு கட்டுதேன் அண்ணாச்சி. கல்லு வேணும்."

"சூளைக்குப் போறேன்னீரே?"

"அது ஊரான் வீட்டுக்கு. என் வீட்டுக்கு, தரமாட்டேன்னு சொன்ன ஆளுகிட்டதான் வாங்கணும்."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

பூத்த கற்களை ஆலை வாசலில் பாவினோம். லோடு லாரிகள் இப்போதும் அவற்றின்மேல்தான் ஏறி வருகின்றன. துறைமுகம் போகும் வழியெல்லாம் இன்று சாம்பல் கல் ஆலைகள். அந்த முதல் லோடு போயிருந்தால் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது. முதலில் இறங்குகிறவன் பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அண்ணாச்சிக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது.