விருத்தாசலத்துக்கு வராத மெயில்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில், கீழ்வீட்டுக்காரருக்கு என் செருப்புச் சத்தம் பிடிக்காவிட்டால் கதவைத் தட்ட மாட்டார். கடிதம் எழுதி என் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் படியில் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் வணக்கம் சொல்வார். ஐந்து வருடமாகியும் இந்த மரியாதை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனாலும் கடிதம் வந்து சேர்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் என் அண்ணனுக்கு அதுவும் இல்லை. அவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். பொம்மை வேண்டுகிறவர்கள் அதிலுள்ள படிவத்தை நிரப்பினால் அண்ணனுக்கு மெயில் போக வேண்டும்.

"கோயம்புத்தூர்க்காரர் மூணு வாட்டி எழுதிட்டேங்கறாரு. எனக்கு ஒண்ணும் வரலடா. ஆர்டர் இல்லன்னா அடுத்த மாசம் சூளைய நிறுத்திடணும்" என்றார் போனில்.

ஒரு மாதமாகத் தினமும் ஆபீசிலிருந்து அந்தப் படிவத்தை நானே நிரப்பிச் சோதித்தேன். ஹான்ஸ் என்று ஒரு பெயர், நாடு ஜெர்மனி, வாயில் வந்த ஒரு மெயில் விலாசம், ஐந்நூறு பிள்ளையார் பொம்மை. சர்வரில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே இருந்தது. பிறகென்ன, கோளாறு ஊரில்தான் என்று முடிவுகட்டினேன். அங்கே கரண்ட் இருந்தால் நெட் இருக்காது, நெட் இருந்தால் பிரவுசிங் சென்டர் பூட்டியிருக்கும். அண்ணனுக்கோ மவுஸைப் பிடிக்கவே அரை நாள் வேண்டும். அவர் ஏதாவது சொல்ல வந்தபோதெல்லாம், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று வாயை அடைத்தேன். பக்கத்து மேசை ஜெர்மன்காரர், "பயன்படுத்துகிறவரைக் கேட்டாயா?" என்றார். சிரித்தேன். தான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லையே என்று அவர் குழம்பிப்போனார்.

கடைசியில் வேறு வழியில்லாமல், அண்ணனை சென்டரில் உட்காரவைத்து, வாங்குகிறவர்போல் படிவத்தை நிரப்பி, போனில் ஒவ்வொரு கட்டமாகப் படிக்கச் சொன்னேன்.

"நாடுன்னு கேக்குது. நம்ம நாடு அதுல இல்ல. சும்மா வுட்டுட்டேன். நன்றின்னு வந்துடுச்சு."

நாடு காலியாக இருந்தால் மெயிலை அனுப்பாதே என்று எழுதியவன் நான். பட்டியலில் ஐரோப்பா முழுவதையும் போட்டுவிட்டு இந்தியாவை விட்டவனும் நான்தான். நம்ம ஊரில் எவன் கம்ப்யூட்டரில் பொம்மை வாங்கப் போகிறான் என்ற இளக்காரம். வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் சேர்த்தேன்.

"இப்ப அனுப்பிப் பாருங்கண்ணே."

"வந்துடுச்சுடா. கோயம்புத்தூர்க்காரரையும் போடச் சொல்றேன். ஆனா இனிமே கவலயில்ல. ஹான்ஸுன்னு ஒருத்தர் தினம் எழுதறாரு. நான் பதில் போட்டாத்தான் திரும்பி வந்துடுது. அவருக்கு ஐந்நூறு பிள்ளையார் நேத்தே சூளையில ஏத்திட்டேன். ஜெர்மனிதான், உங்க ஊரு. ஆளு எப்படி, நம்பலாமா?"



"அவன் விருத்தாசலத்துக்காரன்தாண்ணே."



"அப்படியா? எந்தத் தெரு?" என்றார் அண்ணன்.