சுண்ணாம்புக் கோடு

லூர்துவின் பேரை நான் முதல் கேட்டது, அவன்ரை தாய் மன்னாரிலிருந்து இத்தாலிக்கு எனக்குப் போனெடுத்து, "மச்சாள், மகன் பலெர்மோவுக்கு வாறான், பார்த்துக்கொள்ளுங்கோ" எண்டு அழுத நாள்.

புது உதைபந்தாட்ட மைதானத்தில் அவனுக்குக் கோடு போடுற வேலை கிடைச்சது. இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ அந்த வேலையாலைதான். பிறகு அமெரிக்க ஃபுட்பால்காரரும் அதே புல்லிலை விளையாட வந்தினம். சனிக்கிழமை அவையின்ரை கோட்டைப் போட்டு, ஞாயிறு உதைபந்தாட்டத்துக்கு முதல் கழுவ வேணும்.

ஒரு சனி பெயின்ற் முடிஞ்சுபோச்சு. ஊர்க் கோயில் திருநாள் விளையாட்டுக்குப் போடுற மாதிரி, சுண்ணாம்பைக் கரைச்சுப் போட்டான். விடிய, புல் கோடு கோடாய்க் கருகிக் கிடந்தது. வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம்.

"அங்கை மணல்தானே மாமி, புல் கருகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" எண்டான்.

ஒரு வருசம் தேடியும் வேறை வேலை கிடைக்கேல்லை. பெர்மெஸ்ஸோவும் போச்சு. லூர்து இப்ப மன்னாரிலை, தாயோடை இருக்கிறான்.