மார்லிஸ் யாரோடும் ஓடவில்லை

மகன் வயதுப் பாடகனோடு மார்லிஸ் ஓடிப்போனாள் என்று எதிர்வீட்டு ஆர்டிஸ் சொன்னால், அந்த மத்தியானம் நிலவறையில் நீ எங்கே நின்றாய் என்று அவளைக் கேளுங்கள். நான் இருந்தேன். நாற்காலி போட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில், எங்கள் தெருவில் இருந்தவள் மார்லிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. புருஷன் போன பிறகு தன் வீட்டு நிலவறையை ராக் குழுக்களுக்குத் திறந்துவிட்டாள். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எதுவும் சீண்டாத குழுக்கள். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போகிற பிள்ளைகள். வாசித்துவிட்டு அவள் வீட்டுத் தரையிலேயே படுப்பார்கள். பாதிப் பேர் மாமிசம் தொடமாட்டார்கள் என்று பீன்ஸும் தக்காளியும் போட்டுப் பெரிய பாத்திரம் நிறையக் கொதிக்கவைப்பாள். இதைத்தான் ஆர்டிஸ், ஆம்பளைப் பசங்களை அடைத்துவைத்திருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

ரசிகர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பாட்டு பிடித்திருக்கிறதா, பல்வலியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு குழுவுக்குக் கொஞ்சம் பேர் வந்துவிட்டால், முதல் ஆல்பம்தான் நன்றாயிருந்தது என்பார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். தங்கள் சிநேகிதர்கள் வாசித்து முடித்ததும் மொத்தமாக எழுந்து போய்விடுவார்கள். அதனால் உள்ளூர்க் குழு ஒன்று முதலில், இன்னொன்று கடைசியில், வெளியூர்க்காரர்கள் நடுவில் என்பது நிலவறை வழக்கம். தூரத்திலிருந்து வந்தவன் வெறும் சுவருக்கு வாசிக்கக் கூடாது என்பதில் மார்லிஸ் பிடிவாதமாக இருந்தாள்.

அந்த ஞாயிறு ஆர்டிஸின் பேரன், பிறந்தநாள் விருந்துக்குப் போக வேண்டும், எங்கள் குழுவை நடுவில் விடுங்கள் என்று கெஞ்சினான். மார்லிஸ் இரங்கி, வெளியூர்க்காரர்களைக் கடைசிக்குத் தள்ளினாள். அவர்கள் முடித்ததும் கூட்டம் அத்தனையும் விருந்துக்குப் படியேறிவிட்டது.

மிச்சம் நானும் அவளும். எதிரே கான்ஸஸ் மாநிலத்திலிருந்து வந்த மூன்று பேர். அவர்களுடைய பேஸ் கிட்டார்க்காரன் வழியிலேயே சண்டை போட்டு இறங்கிவிட்டிருந்தான். மார்லிஸுக்கு முகமே செத்துப்போனது. பாடகன் டெஸ்மண்ட் ஒரு குறையும் சொல்லாமல் ஆரம்பித்தான். பேஸின் கனத்த அடிநாதம் இல்லாமல் சத்தம் மெலிந்து கேட்டது. மார்லிஸ் முன்னால் போய் நின்று, விட்டுப்போன பேஸை வாயால் முனகினாள். அவர்கள் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

டெஸ்மண்ட் பாதியில் நிறுத்தினான். "மார்லிஸ், நீங்க வாசிப்பீங்களா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வாசிச்சேன். இப்ப இந்த விரலு உருளைக்கிழங்கு உரிக்கத்தான் லாயக்கு."

"கேக்க யாருமில்லையே. தப்பு வந்தா என்ன?"

"நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்ல," என்றேன். அவன் சிரித்தான்.

மார்லிஸ் மேலே போய், கட்டிலடியிலிருந்து தன் பழைய பேஸ் கிட்டாரைத் தூசியோடு எடுத்துவந்தாள். தப்பு வரத்தான் செய்தது. ஆனால் இரண்டாவது பாட்டில் தண்ணீர்க் குழாய்களெல்லாம் அதிர்ந்தன.

சாப்பிடும்போது, மீதி ஊர்களுக்கும் வரச்சொல்லி டெஸ்மண்ட் கேட்டான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி, டிரம்ஸ் வாசிப்பவள், அவளும் கேட்டாள். ஆர்டிஸின் கண்ணில் இந்த மனைவி படவே இல்லை. மார்லிஸ் எழுந்து தட்டுகளை அடுக்கினாள். பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "யாராரையோ வாசிக்க விட்டுட்டு ஓரமா நின்னதே போதும்னு இருந்தேன்டி. இன்னைக்கு அது போதல."

மறுநாள் காலை ஒரு பையும் கிட்டாரும் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை.

"எப்ப திரும்பி வருவே?" என்றேன்.

"மோசமா வாசிச்சா சீக்கிரம் வந்துருவேன்."

வேன் கதவைத் திறந்து ஏறிப் போனாள்.