நாலாவது ஜாப்

லோதி ரோடு அலுவலகத்தில் தண்ணீர் லாரிகளின் பட்டியல் என் பொறுப்பு. எந்த லாரி எந்தக் காலனிக்கு என்று டிரைவர்களின் போனுக்குச் செய்தி அனுப்ப, தினமும் காலையில் கம்ப்யூட்டரில் நாலு ஜாப்கள் தாமாக ஓடும். திசைக்கு ஒன்று. நாலுக்குள்ளும், டேட்டாபேஸிலிருந்து பட்டியலை எடுக்கும் ஒரே கொயரியை எழுதி வைத்திருந்தேன்.

என்னோடு வேலை பார்த்த பெண் இதே ஊரில், மோதி பாக்கில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது.

"சார், இதை ஸ்டோர்டு புரொசீஜரா டேட்டாபேஸ்ல வெச்சுட்டா, ஒரு எடத்துல மாத்தினா போதுமே. நாலு ஜாபும் அதையே கூப்பிடும்."

"ஜாபத் திறந்ததும் கொயரி கண்ணுக்குத் தெரியணும்மா. வேற எங்கயோ போய்த் தேட எனக்குப் பொறுமை இல்ல."

"அச்சா. உங்க இஷ்டம்."

குழாய் போட்ட காலனிகளுக்கு லாரி கிடையாது என்பது விதி. மே மாதம், குழாய் போட்டும் தண்ணீர் வராத இடங்களுக்கு லாரி அனுப்பச் சொன்னார்கள். மூன்று ஜாப்களில் திருத்தினேன். அதற்குள் மேலதிகாரி கூப்பிட்டார், எழுந்து போனேன். தெற்கு ஜாபை மறந்தே போனேன்.

நாலாம் நாள், தெற்கில் ஒரு காலனியில் தகராறு என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, அடுத்த காலனிக்குப் போய்க்கொண்டிருந்த லாரியைக் கூட்டம் மறித்திருந்தது. டிரைவரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் கதவைப் பற்றிக்கொண்டார். ஒருவன் கதவை அறைந்து சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை உதைத்தார்கள். விலக்கப் போன என் காதோரம் காலிக் கேன் ஒன்று பலமாக இறங்கியது. பறந்து வந்த செங்கல் அவள் நெற்றியைக் கிழித்தது. துப்பட்டாவை அழுத்திக்கொண்டு, "எதுக்கு சார் இங்க லாரி வரல?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குத் தெற்கு ஜாப் ஞாபகம் வந்தது. அவளை ஆட்டோவின் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

போலீஸ் வந்து கலைத்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏழு தையல். டிரைவரின் வலது கையில் மாவுக்கட்டு. அவர் கட்டிலருகே நின்று இந்தியில் சொன்னேன், பட்டியலில் அந்தக் காலனி விடுபட்டது என் தவறு என்று.

"லிஸ்ட் போட்டது நீங்களா?"

"ஆமாம்."

இடது கையால் கன்னத்தில் அறைந்தார். நர்ஸ் ஓடி வந்தாள். நான் நகரவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

மறுநாள் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பட்டியல் வேலையை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்கள். நெற்றியில் கட்டோடு வந்து உட்கார்ந்து, புரொசீஜரை அவளே எழுதினாள். நாலு ஜாப்களிலும் நான் எழுதியதை அழித்துவிட்டு, அதைக் கூப்பிடும் ஒற்றை வரியைப் போட்டாள்.

"சரிபாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார்," என்றாள்.