அக்கா அனுப்பிய மெஷின்

பதுளையில் எங்களுக்குத் தெரிந்த வாஷிங் மெஷின் திருத்துபவர் அவர் ஒருவர்தான். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதையும் கழற்றுமுன் மெஷினில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டரை நம்புவதுபோல் நம்பினோம்.

குவைத்தில் வீட்டுவேலை செய்த அக்கா கப்பலில் அனுப்பிய மெஷின், பத்து வருடம் ஓடியபின் ஒருநாள் தண்ணீர் வடியாமல் நின்றது. காதை வைத்துக் கேட்டவர், "மோட்டர் போயிருச்சுங்க. இனி பழைய இரும்புதான். நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

புதிதாக வாங்கியது இரண்டே வருடத்தில் பழுதானது. அவரைத் தேடி வீட்டுக்கே போனேன். பின்கட்டில், பக்கத்து ஊரான எல்லவின் சுற்றுலா விடுதிகளுடைய படுக்கைவிரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தது எங்கள் மெஷின். கப்பலில் தவறிவிடாதிருக்க அக்கா பச்சை பெயின்டில் எழுதிய அவள் பெயர்கூட அழியவில்லை.

"மோட்டர் போச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் தடுமாறவில்லை. அதைத் தட்டிக்கொடுத்து, "இந்த மாதிரி மோட்டர் இப்ப எங்கங்க வருது" என்றார்.

அன்று எங்கள் வீட்டில் அவர் கண்ணை மூடிக் கேட்டதும் இந்த மோட்டரைத்தான்.