சோடா மாமாவுக்கும் வேலை கொடுத்தவர்

"மிஸ், நான் அமத்தினது காணாதோ?"

ஜெரோம் சேர் இறந்துவிட்டார் என்ற செய்தி இந்தக் கேள்வியோடுதான் எனக்கு வந்தது. தான் நெஞ்சை அழுத்தியது போதவில்லையோ என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தொலைபேசியில் கேட்டவள் எங்கள் உயர்தர வகுப்பு மாணவி மதுரா.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர் சேர். வியாழன்தோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, ஒரு ரப்பர் பொம்மையை நீலப் பையில் சுமந்துகொண்டு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் பாடசாலைக்கு முதலுதவி கற்பிக்க வருவார். உயிரியல் கற்பிக்கும் எனக்கு முதலில் அதில் நம்பிக்கை இருக்கவில்லை.

"பொம்மையில பழகினது மனுசரில வருமோ, சேர்?"

"கை நடுங்கும், மிஸ். நடுங்கிற கையும் அமத்தும்."

அவருடைய பாடத்தில் சோடா மாமா என்றொரு பாத்திரம் உண்டு. தெருவில் ஒருவர் விழுந்தால் சுற்றி நின்று தலையைத் தூக்கி, வாயில் சோடா ஊற்றுவது நம்மவர் வழக்கம். ஆகவே, ஒரு மாணவி பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது இன்னொருத்தி போத்தலோடு பாய்ந்து வரவேண்டும். பெரும்பாலும் சேரே அந்த வேடத்தைப் பறித்துக்கொள்வார். "தள்ளு பிள்ளை! ரெண்டு மிடறு குடிச்சா எழும்பிடுவார்!" வகுப்பே சிரிக்கும். ஆனால் அவரைத் தள்ளிவிட்டவளுக்குப் புள்ளி கிடையாது. "சண்டை பிடிச்சா உங்கட கை நிண்டிடும். அந்தாளும் உதவத்தானே வந்தவர்? வேலை குடுங்கோ."

போன வியாழன் வகுப்பு முடிந்து திரும்புகையில், கொட்டாஞ்சேனையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே சேர் விழுந்தார். மூச்சில்லை. அதே பஸ்ஸில் வந்த மதுரா முழந்தாளிட்டு அழுத்தத் தொடங்கினாள். எதிர்க்கடைக்காரர் ரிஸ்வி நானா சோடாவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"நானா, போத்தலை வையுங்கோ. அம்புலன்ஸுக்கு அடியுங்கோ!"

அவர் தொலைபேசியில் அழைத்தார், கூட்டத்தையும் விலக்கிப் பிடித்தார். எல்லாம் சேர் சொன்னபடியே நடந்தது. சேர் பிழைக்கவில்லை.

"இனி அந்த வகுப்புக்கு வரமாட்டன், மிஸ்," என்றாள் மதுரா, சாவீட்டில். சரியாகச் செய்தாலும் சிலர் பிழைப்பதில்லை என்றேன். உண்மைதான், அவளுக்கு அது உதவவில்லை. அடக்கத்தின்போது, உங்கள் வகுப்பு நிற்காது என்று சேரிடம் மனதுக்குள் சொல்லி விடைபெற்றேன். எப்படி என்று எனக்கே தெரியாமல்தான் சொன்னேன்.

மறுநாள் நடந்தது இது. ரிஸ்வி நானா நீலப் பையோடு பாடசாலைக்கு வந்தார். அன்று தெருவில் கிடந்ததைக் கடையில் எடுத்து வைத்திருந்தாராம். மதுராவைக் கூப்பிட்டேன்.

"மகள், எனக்கும் ஒருக்கா காட்டித் தாங்க. இனியும் நான் சோடாவோட ஓடி வரக்கூடாதே."

அவள் பையைத் திறந்தாள். பிறகு பொம்மையை எடுத்துத் தரையில் கிடத்தினாள். நானா இடுப்புச் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு முழந்தாளிட்டு, நோகுமோ என்பதுபோல மெல்ல அழுத்தினார்.

"முழங்கையை மடக்காதேங்கோ, நானா," என்றாள். "காணாது. இன்னும் அமத்துங்கோ."