ஸ்டவ் வெடித்ததாகச் சொன்னார்கள்

1. கட்டைப் பிரித்தபோது

உச்சந்தலையில் என் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு தெரிந்தது. காய்ந்து மஞ்சளடித்திருந்தது. ஓரத்தில் சீழ். குழந்தைக்கு ஏழு வயது, பெயர் மாரிச்செல்வி. தாராவியில் ஒரு கிளினிக்கில் ஒன்றரை மாதமாகக் களிம்பு தடவித் தடவி அனுப்பியிருக்கிறார்கள். செத்த எலும்பின் மேல் எந்தக் களிம்பும் தோலை வளர்க்காது. அந்த டாக்டருக்கு இது தெரியாதென்றால் அவர் எதைத்தான் படித்தார்?

"எப்படிம்மா சுட்டுது?"

"ஸ்டவ் வெடிச்சிட்டு டாக்டரம்மா." தாய் இசக்கியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டவ் வெடித்தால் முகமும் கையும் தப்பாது. குழந்தையின் முகத்திலோ கையிலோ ஒரு வடுகூட இல்லை. காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் வட்டமாக ஒரு தழும்பு. தலையில் ஏறிய கரன்ட் அங்கே வெளியேறியிருக்கிறது.

"இது கரன்ட். உண்மையைச் சொல்லும்மா."

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே நின்றவர் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், சேட். உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், எதுக்கு போலீசு கேசுன்னு லஃப்டா? ஸ்டவ்னே எழுதிக்கங்க. பாவம்னு மாடியிலேருந்து கீழ ரூமுக்குக்கூட மாத்திக் குடுத்திருக்கேன், கேட்டுப் பாருங்க."

"வெளிய போங்க!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மின்சாரக் காயம் என்றுதான் எழுதினேன். போலீசுக்கும் தகவல் போனது. ஆனால் இசக்கியம்மாள் அவர்களிடமும் ஸ்டவ் என்றே சொன்னாள்.

2. ஆபரேஷன் தியேட்டரில்

நியூரோசர்ஜன் ஒருவரும் பிளாஸ்டிக் சர்ஜனான நானும் சேர்ந்து ஆபரேஷன் செய்தோம். ஓரங்களில் எலும்பின் மேலடுக்கு மட்டும் செத்திருந்தது. ரத்தம் கசியும் வரை டிரில்லால் தேய்த்தோம். நடுவில் முழு எலும்பும் போயிருந்தது. அதை எடுத்ததும் அடியில் சீழ். கழுவியபின் மூளையின் உறை துடிப்பது தெரிந்தது. பக்கத்துத் தலைத்தோலை ரத்தக்குழாயோடு திருப்பி அந்த இடத்தை மூடினோம். இதைத்தான் பிளாப் என்கிறோம். கிருமி இருந்த இடம் என்பதால் உடனே எலும்பு வைக்க முடியாது. காத்திருக்க வேண்டும்.

டிரஸ்ஸிங்குக்கு வந்தபோது இசக்கியம்மாள் தானாகவே பேசினாள்.

"புள்ள தூங்கையில தல துடிக்கத பாத்துக்கிட்டே கெடக்கேன். அந்த மாடி ரூம்ல சேட்டு இப்ப வேற ஆளக் குடி வச்சிருக்கான் டாக்டரம்மா. ரெண்டு சின்னப் புள்ளைய இருக்கு. வயரு அப்படியேதான் தொங்குது."

அனுமதியில்லாமல் எழுப்பிய மாடி அது. தகரக் கூரைக்கு மேலே மின்கம்பி, கூரையில் ஏறினால் ஒரு குழந்தையின் தலையில் இடிக்கும் உயரம். காயப்போட்ட துணி எடுக்க ஏறிய பிள்ளையின் தலை அதில் பட்டிருக்கிறது.

"போலீஸ்ல சொல்றியா?"

"ரூமு போயிரும்." கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போனா போட்டும். சொல்லுதேன்."

சொன்னாள். போலீஸ் சொல்லி கார்ப்பரேஷன்காரர்கள் வந்து மாடியை இடித்தார்கள். அந்த வாரமே இவர்களை சேட் வெளியேற்றினார். ஆண்டாப் ஹில்லில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. சேட் தன் கடையைத் திறந்து வழக்கம்போல உட்கார்ந்திருக்கிறார்.

3. எலும்பு வைத்தது

அடுத்த ஆண்டு, தலையின் மறுபக்கத்திலிருந்து எலும்பை எடுத்து இரண்டு தகடாகப் பிளந்தோம். ஒன்றைப் பள்ளத்தில் பொருத்தினோம், மற்றதை எடுத்த இடத்திலேயே வைத்தோம். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"இனிமே ஸ்கூல்ல ஓடலாமா?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

"ஓடு" என்றேன்.

புதிதாக வரும் டாக்டர்களுக்குச் சொல்வேன்: தலையில் எலும்பு தெரிந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பயந்தவர்கள் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள், உடம்பைப் பாருங்கள்.

நான் சரிசெய்தது ஒரு மண்டையை. இன்னும் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றியவள் இசக்கியம்மாள். தியாகம் என்று யாரும் அவளைப் புகழ வேண்டாம். பார்க்க வேண்டியவர்கள் அந்தக் கம்பியைப் பார்த்திருந்தால் அவள் வீட்டை இழந்திருக்க வேண்டியதில்லை.